வேன் நிற்கும் இடமும் கழிவு போகும் இடமும்

(மலையடிவாரத்தில் கழிவு நிறுத்தம் அமைப்பது எப்படி? – ஒரு திட்டப் பாடம்)
– சிவில் பிரிவு, இறுதியாண்டு மாணவன்



'கேரவன்' என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சினிமா ஷூட்டிங்தான். உள்ளே ஏசி, கட்டில், கண்ணாடி, கூடவே ஒரு குட்டி கக்கூஸ். அந்தக் கக்கூஸில் சேர்வது எங்கே போகிறது என்று யாராவது யோசித்திருப்போமா? மாட்டோம். ஆனால் சிவில் படிக்கிற நாம் யோசிக்க வேண்டும். கட்டடம் கட்டுவது மட்டும் நம் வேலை இல்லை. கட்டடத்தில் இருந்து வெளியே போவதும் நம் வேலைதான்.

சுற்றுலா வண்டிகள் போகும் தொலைதூர மலைப்பகுதியில் கழிவு இறக்கும் நிறுத்தங்களை எப்படித் திட்டமிடுவது என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம். "மூக்கைப் பிடிக்கிற சப்ஜெக்ட்டா இருக்கே" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் மாவட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது.

நம்ம ஊர் கேரவன்

கேரளாவில் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தார்கள். 2022-ல் இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. அது மலை உச்சிப் புல்வெளி ஊர். நம் ராஜபாளையத்தில் இருந்து பார்த்தால் மலைக்கு அந்தப் பக்கம்.

ஆனால் நம்ம ஊர் கேரவன் வேறு. அது சுற்றுலா வேன். மேலே கேரியரில் அண்டா, குண்டா, கேஸ் அடுப்பு. உள்ளே பதினைந்து பேர். பின் சீட்டில் தூங்கும் குழந்தைகள். கார்த்திகை, மார்கழியில் மதுரைப் பக்கமிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், செங்கோட்டை வழியாகச் சபரிமலைக்குப் போகும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஆடி அமாவாசைக்கு வத்திராயிருப்பு தாண்டி தாணிப்பாறைக்குப் போகும் வண்டிகளையும் பார்த்திருப்பீர்கள். இந்த வண்டிகளில் படுக்கை உண்டு, சமையல் உண்டு, பாட்டு உண்டு. கக்கூஸ் மட்டும் கிடையாது. அதனால் வண்டி எங்கே நிற்கிறதோ, அங்கேயே கழிவும் இறங்குகிறது: ஓடை ஓரம், கண்மாய்க் கரை, முள்ளுக்காடு.

ஆக, மலையடிவார நிறுத்தம் என்றால் இரண்டு வகை வண்டிக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். தொட்டியோடு வரும் கேரவனுக்கு, தொட்டியைக் காலி செய்ய ஒரு மேடை. தொட்டியே இல்லாத வேனுக்கு, நல்ல கழிப்பறை. இரண்டிலும் சேர்வது கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் போக வேண்டும்.

உலகம் பூரா இதே தலைவலி

ஸ்காட்லாந்தின் வட மலைநாட்டில் 2015-ல் 'நார்த் கோஸ்ட் 500' என்று ஒரு சுற்றுலாப் பாதையை அறிமுகப்படுத்தினார்கள். இன்வர்னஸில் தொடங்கி கடலோரமாகச் சுற்றி வரும் சுமார் 500 மைல் பாதை. பாதை பிரபலமானது, வீட்டு வண்டிகள் குவிந்தன. சின்னச் சின்னக் கிராமங்கள், ஒற்றை வழிச் சாலைகள். வண்டி வந்த வேகத்துக்குக் கழிவு இறக்கும் இடங்கள் வரவில்லை. நியூசிலாந்தில் 2023-ல் சட்டமே போட்டார்கள்: 'தன் கழிவைத் தானே சுமக்கும் வண்டி' என்று சான்றிதழ் வேண்டுமானால் அதில் நிலையாகப் பொருத்திய கழிப்பறை இருக்க வேண்டும்.

நம் பக்கமும் கூட்டம் குறைவில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பு வைத்தார்கள். வண்டிக்கு ஐந்து பேர் என்று வைத்தாலே ஒரு சனிக்கிழமைக்கு 30,000 பேர். வண்டியை எண்ண ஆரம்பித்துவிட்டோம். அந்த முப்பதாயிரம் பேரின் கழிவையும் எண்ண வேண்டாமா?

முதல் பாடம்: கடைசியில் இருந்து தொடங்கு

கழிப்பறை கட்டச் சொன்னால் பெரும்பாலும் என்ன செய்வார்கள்? இடம் பார்ப்பார்கள், நாலு சுவர் எழுப்புவார்கள், டைல்ஸ் ஒட்டுவார்கள், திறப்பு விழா நடக்கும். பின்னால் ஒரு குழி. குழி நிரம்பியதும் பூட்டு. "பராமரிப்புப் பணி காரணமாக மூடப்பட்டுள்ளது" என்று ஒரு போர்டு. இந்தப் போர்டைப் பார்க்காதவர் யாராவது உண்டா?

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: கழிவு நிறுத்தத்தின் பிளான் கழிவு போய்ச் சேரும் இடத்தில் இருந்து பின்னோக்கி வர வேண்டும். முதல் கேள்வி, எந்தச் சுத்திகரிப்பு நிலையம் இதை வாங்கிக்கொள்ளும்? இரண்டாவது, அங்கே போக லாரிக்கு எவ்வளவு நேரம்? மூன்றாவது, லாரி வர முடியாத நாளில் எத்தனை நாள் கழிவைத் தேக்கி வைக்கலாம்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் டைல்ஸ் கலர்.

சுத்திகரிப்பு என்றால் பெரிய மெஷின் வேண்டும் என்று பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் கருங்குழி பேரூராட்சியில் 2017 முதல் கழிவுக் கசடு சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது. செப்டிக் டேங்க் லாரி கொண்டு வரும் கசடை உலர்த்தும் படுகைகளில் பரப்பிக் காய வைக்கிறார்கள். வடிந்த நீரைத் தனியே சுத்தம் செய்கிறார்கள். அதே 2017-ல், கடல் மட்டத்தில் இருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லடாக்கின் லே நகரிலும் ஒரு கசடு நிலையம் வந்தது. அங்கே நாணல் வளர்த்த படுகைகள். பாறையும் குளிரும் உள்ள லேயிலேயே முடிகிறபோது, வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத விருதுநகர் மாவட்டத்தில் ஏன் முடியாது? மருந்து காயப் போடத் தோதான ஊர் என்றுதானே நம்ம சிவகாசியில் பட்டாசுத் தொழிலே வேரூன்றியது!

இடம் தேர்வு

உதாரணத்துக்குத் தாணிப்பாறையை எடுத்துக்கொள்வோம். சதுரகிரி சுந்தர மகாலிங்கம் கோயிலுக்கு நடந்து ஏறுகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கும் அடிவாரம் அது. அதற்கு மேல் வண்டி கிடையாது, நடைதான். சுற்றிலும் காடு. 1988-ல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. மலையில் இருந்து இறங்கும் ஓடைத் தண்ணீரை நம்பித்தான் கீழே வயலும் கண்மாயும் கிணறும் இருக்கின்றன. மேலே ஒருவர் ஓடையில் இறங்கிக் கால் கழுவினால், கீழே ஒருவர் அதைக் குடத்தில் மொள்ளுகிறார். இதைவிட எளிதாக மேடு பள்ளத்தை விளக்க முடியாது!

2015 மே மாதம் இதே மலையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் சிலர் உயிரிழந்தார்கள். அதனால் இடம் தேர்வில் நான் வைக்கும் விதிகள்:

ஒன்று: ஓடைப் படுகையிலோ கரையிலோ எதுவும் கூடாது. "வருஷம் பூரா வறண்டுதான் கிடக்கு" என்ற பேச்சை நம்பக் கூடாது. பழைய வெள்ளத் தடத்தை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, லெவல் எடுத்து, அதற்கு மேலே தொட்டியின் மூடி வரும்படி அமைக்க வேண்டும்.

இரண்டு: பெரிய நிறுத்தம் சமவெளியில். மதுரைச் சாலையில் இருந்து வத்திராயிருப்புக்குப் பிரியும் கிருஷ்ணன்கோவில் போன்ற முக்கிலேயே முதல் பெரிய நிறுத்தம் இருந்தால், பாதிச் சுமை மலையடிவாரத்துக்கு வராது. கேரவன் மேடையும் அங்கேதான். லாரி வருவதும் சுலபம், தண்ணீரும் கிடைக்கும்.

மூன்று: அடிவாரத்தில் மூடிய தொட்டியுள்ள நிறுத்தம் மட்டும். மண்ணில் ஊறவிடும் குழி கூடாது.

நான்கு: லாரி நிற்கும் இடம் தொட்டிக்குப் பக்கத்தில், ஏறத்தாழ அதே மட்டத்தில் இருக்க வேண்டும். ஹைட்ராலிக்ஸ் பாடத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்துங்கள். முழு வெற்றிடம் இருந்தாலும் காற்றழுத்தம் தண்ணீரை 10.3 மீட்டர்தான் தூக்கும். உறிஞ்சு லாரியை நம்பி அதற்கு மேல் திட்டம் போட முடியாது. நடைமுறையில் 5, 6 மீட்டர்தான். மலை ஏற ஏற அதுவும் குறையும். சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் அந்த 10.3 என்பது 8 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். ரோட்டில் இருந்து இருபதடிக்குக் கீழே சரிவில் தொட்டி கட்டினால், லாரி வந்தும் பிரயோஜனம் இல்லை.

எத்தனை பேர், எத்தனை இருக்கை?

இனி கணக்கு. கீழே வருகிற எண்கள் நான் பயிற்சிக்காக வைத்துக்கொண்டவை. உண்மையான வேலையில் திருவிழா நாளில் நின்று வண்டியை எண்ண வேண்டும்.

கூட்ட நாளில் 200 வேன், வேனுக்கு 15 பேர்: 3,000 பேர். 20 பஸ், பஸ்ஸுக்கு 50 பேர்: 1,000 பேர். மொத்தம் 4,000. ஏறும் முன் ஒரு தடவை, இறங்கிய பின் ஒரு தடவை என ஆளுக்கு இரண்டு: 8,000 உபயோகம். அதில் கால்வாசி, அதாவது 2,000, மலம் கழிக்க; மீதி 6,000 சிறுநீருக்கு. பாதி ஆண், பாதி பெண்.

நாள் முழுக்கச் சமமாக வரமாட்டார்கள். விடியற்காலையில் எல்லாரும் ஒன்றாக இறங்குவார்கள். அதனால் உச்ச நேர ஒரு மணியில் நாள் மொத்தத்தில் 15 சதவீதம் என்று வைப்போம். மலம் கழிக்க 300 பேர்: ஆண் 150, பெண் 150. ஆளுக்கு 5 நிமிடம் என்றால் ஓர் இருக்கைக்கு மணிக்கு 12 பேர். ஆக ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 13.

சிறுநீருக்கு: ஆண்கள் 450 பேர். ஒன்றரை நிமிடம், ஓர் இடத்துக்கு மணிக்கு 40 பேர், 12 இடங்கள் போதும். பெண்களும் 450 பேர்தான். ஆனால் அவர்களுக்குக் கதவுள்ள அறை வேண்டும், 3 நிமிடம், மணிக்கு 20 பேர், 23 அறைகள். கூட்டிப் பாருங்கள். ஆண்களுக்கு 13 அறையும் 12 சிறுநீர் இடமும். பெண்களுக்கு 36 அறை!

ஆனால் 'ஆண்கள் 10, பெண்கள் 10' என்று கட்டிவிட்டு, சமமாகக் கொடுத்துவிட்டோம் என்று சொல்கிற வழக்கம் இருக்கிறது. பெண்கள் வரிசை ஏன் எப்போதும் நீளம் என்பதற்கு அவர்கள் காரணம் இல்லை, நம் பிளான்தான் காரணம். அந்த வரிசையைப் பார்த்துவிட்டு எத்தனை அம்மாக்கள் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் மலை ஏறுகிறார்கள் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். என் அம்மாவும் அத்தையும் சொன்ன பதிலைக் கேட்டுத்தான் இந்தக் கணக்கை ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகப் போட்டேன்.

தண்ணீரைக் குறைத்தால் லாரி குறையும்

கழிவில் பெரும்பகுதி கழிவே இல்லை, நாம் ஊற்றும் தண்ணீர். சரிவு அதிகமுள்ள கிராமியப் பீங்கானுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் ஊற்றினாலே போய்விடும். பழைய மாடல் ஃப்ளஷ் தொட்டி ஒரு இழுப்புக்கு 10 லிட்டர் கொட்டும்.

கைத்தண்ணீர் முறையில்: மலம் 2,000 தடவை, கழுவும் தண்ணீரோடு 4 லிட்டர் வீதம் 8,000 லிட்டர். பெண்கள் சிறுநீர் 3,000 தடவை, 2 லிட்டர் வீதம் 6,000. ஆண்கள் 3,000 தடவை, அரை லிட்டர் வீதம் 1,500. மொத்தம் 15,500 லிட்டர்.

10 லிட்டர் ஃப்ளஷ் முறையில்: 2,000 தடவைக்கு 12 லிட்டர் வீதம் 24,000. பெண்கள் 3,000 தடவைக்கு 11 லிட்டர் வீதம் 33,000. ஆண்கள் அதே 1,500. மொத்தம் 58,500 லிட்டர்.

5,000 லிட்டர் லாரி என்றால் முதல் முறைக்கு ஒரு நாளைக்கு 4 நடை. இரண்டாவதற்கு 12 நடை. கூட்ட நாளில் அந்தக் குறுகிய ரோட்டில் பன்னிரண்டு தடவை லாரி போய் வருமா? வராது. வராத லாரியின் கழிவு ஓடைக்குத்தான் போகும். ஒரு பீங்கானைத் தேர்ந்தெடுக்கிற இடத்திலேயே ஓடையின் தலைவிதி முடிவாகிவிடுகிறது!

செப்டிக் டேங்க் ஏன் போதாது?

"சார், ஐ.எஸ். 2470 இருக்கே, அதன்படி செப்டிக் டேங்க் போட்டுட்டா என்ன?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. செப்டிக் டேங்க் தினமும் சீராக வரும் கழிவுக்கு ஏற்றது. உள்ளே இருக்கும் பாக்டீரியாவுக்குத் தினமும் சாப்பாடு வேண்டும். நம் நிறுத்தத்திலோ அமாவாசைக்கு மூன்று நாள் விருந்து, பிறகு பல நாள் பட்டினி. விருந்து நாளில் கழிவு தங்கிச் செரிக்க நேரம் இல்லாமல் அப்படியே வெளியே தள்ளப்படும். இரண்டாவது, செப்டிக் டேங்க் பாதி வேலைதான் செய்யும். வெளிவரும் நீரை மண் வடிகட்ட வேண்டும். அடிவாரத்தில் ஒரு முழம் தோண்டினால் பாறை. பாறை வடிகட்டாது, வெடிப்பு வழியாக ஓடைக்கு அனுப்பும்.

அதனால் வெளிவாய் இல்லாத சேமிப்புத் தொட்டிதான் சரி. மூன்று நாளைக்கு 46,500 லிட்டர். கூட கால்பங்கு பாதுகாப்புக்கு: சுமார் 58 கன மீட்டர். 6.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் கழிவு ஆழம். ஒரு தொட்டிக்கு 19.5 கன மீட்டர். மூன்று தொட்டி, 58.5 கன மீட்டர். ஒரே பெரிய தொட்டியாகக் கட்டாமல் மூன்றாகப் பிரிப்பது ஏன்? பட்டாசு ஆலையில் எல்லா மருந்தையும் ஒரே அறையில் வைக்காமல் இடைவெளி விட்டு அறை அறையாகப் பிரிப்பது ஏன் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று கெட்டால் மற்றது பிழைக்க வேண்டும். ஒன்றில் விரிசல் விட்டால் மற்ற இரண்டும் ஓடும்.

இன்னொரு எச்சரிக்கை. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறினால் காலித் தொட்டி படகு மாதிரி மிதக்கப் பார்க்கும். 19.5 கன மீட்டர் காலி என்றால் கிட்டத்தட்ட 20 டன் மேல்நோக்கிய விசை. சுவரின் கன அளவையும் சேர்த்தால் அதைவிட அதிகம். தொட்டியின் எடையும் மேலே போடும் மண்ணின் எடையும் அதைத் தாண்ட வேண்டும். டிசைனில் இதை விட்டுவிட்டால் குழாய் இணைப்பு ஒடிந்துபோகும்.

கேரவன் மேடை

கேரவனின் கழிவு இரண்டு விதமாக வரும். சில வண்டிகளில் பெட்டி மாதிரி இழுத்தெடுக்கும் தொட்டி, சுமார் 20 லிட்டர். சில வண்டிகளில் அடியில் நிலையான தொட்டி, குழாய் மாட்டித் திறக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மேடை போதும்.

சிமென்ட் மேடை, நடுவை நோக்கி லேசான சரிவு. நடுவில் 100 மில்லிமீட்டர் குழாய் வாய், உள்ளே நீர்த்தடுப்பு வளைவு, காலால் திறக்கும் மூடி. சுற்றிலும் சின்ன வரம்பு, சிந்தினால் வெளியே ஓடாமல் இருக்க. மேலே கூரை, மழைத் தண்ணீர் தொட்டிக்குள் புகாமல் இருக்க. பக்கத்தில் கழுவ ஒரு குழாய். குடிதண்ணீர்க் குழாய் அங்கே இருக்கவே கூடாது. தள்ளி, வண்டி மேடைக்கு வரும் முன்னரே வரும் இடத்தில் இருக்க வேண்டும். கழுவும் ஹோஸைத் தொட்டி வாயில் சொருகிவிட்டு, அதே ஹோஸில் தண்ணீர் பிடிக்கிற ஆசாமிகள் உலகமெங்கும் உண்டு. போர்டு வைத்தால் போதாது. இரண்டு குழாயும் ஒரே ஹோஸுக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். வண்டி ரிவர்ஸ் எடுக்காமல் ஒரு வழியாக வந்து மறு வழியாகப் போக வேண்டும்.

ரசாயன விஷயமும் உண்டு. கேரவன் கழிப்பறையில் நாற்றம் வராமல் இருக்க ஊற்றும் திரவங்களில் சில ஃபார்மால்டிஹைடு கலந்தவை. அது நாற்றத்தை மட்டும் கொல்லாது. சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்யும் பாக்டீரியாவையும் கொல்லும். அதனால் கேரவன் தொட்டி தனி, கழிப்பறைத் தொட்டி தனி. கழுவுகிறவர்களும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். குளோரேட்டும் கந்தகமும் சேரக் கூடாது என்று தெரிந்த ஊரில், இதையும் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் புரிந்துகொள்வார்கள்.

ஆள் இறங்கக் கூடாது

இது இந்தப் பாடத்தின் மையம். 2013-ம் ஆண்டுச் சட்டம் மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்கிறது. பாதுகாப்பு இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவதையும் தடை செய்கிறது. தொட்டியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை.

தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். "நாத்தம் போயிருச்சு, இறங்கலாம்" என்று நினைக்கிற நேரம்தான் எமன் நிற்கிற நேரம். ஒருவர் விழுந்தால் தூக்க இறங்கும் அடுத்தவரும் விழுகிறார். வெடிவிபத்து நடந்தால் நம் ஊரே ஓடிவந்து அழும். தொட்டிச் சாவுக்கு அழ யாரும் வருவதில்லை. இரண்டும் தொழிலாளிதான்.

நாம் படம் வரைகிறவர்கள். படத்திலேயே இதைத் தடுக்கலாம். தொட்டியின் தரை ஒரு மூலையை நோக்கிச் சரிய வேண்டும். அந்த மூலையில் இருந்து 100 மில்லிமீட்டர் உறிஞ்சுகுழாய் நிரந்தரமாக ரோட்டோரம் வரை வந்து, லாரி ஹோஸ் மாட்டும் வாயோடு முடிய வேண்டும். மூடிக்குக் கீழே பூட்டிய இரும்புக் கம்பி வலை. உயரமான காற்றுக் குழாய். துணியும் பாட்டிலும் உள்ளே விழாமல் இருக்க, தொட்டிக்கு முன்னால் ஒரு சல்லடைக் கூடை, மேலிருந்து தூக்கி எடுக்கும்படி. தொட்டி அடைப்பதற்கு முக்கியக் காரணம் மலம் அல்ல. துணி, நாப்கின், ஷாம்பு பாக்கெட். ஒவ்வொரு பெண்கள் அறையிலும் மூடியுள்ள ஒரு குப்பைக் கூடை வைத்தால் பாதி அடைப்பு தீரும்.

காசு யார் கொடுப்பது?

ஆளுக்கு ஐந்து ரூபாய் என்று வாசலில் டேபிள் போட்டு உட்கார்ந்தால் பாதிப் பேர் முள்ளுக்காட்டுக்குப் போவார்கள். அதனால் வண்டி நிறுத்தும் கட்டணத்தோடு சேர்த்து வாங்க வேண்டும், உள்ளே இலவசம். வேனுக்கு 70 ரூபாய், 200 வேனுக்கு 14,000. பஸ்ஸுக்கு 150, 20 பஸ்ஸுக்கு 3,000. ஆக 17,000. செலவு: லாரி நடைக்கு 2,000 என்று வைத்தால் நான்கு நடை 8,000. சுத்தம் செய்ய 12 பேர், நாளுக்கு 600 வீதம் 7,200. மீதி 1,800 சோப்பு, பினாயில், கரண்ட். வேனில் வரும் ஒருவருக்குத் தலைக்கு ஐந்து ரூபாய்கூட ஆகவில்லை. ஒரு டீ விலையைவிடக் குறைவு.

பாதையின் மேலே லாரி வராது. அங்கே தண்ணீர் முறையே கூடாது. மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியாகப் பிரிக்கும் உலர் கழிப்பறைதான் வழி. திருச்சி மாவட்டம் முசிறியில் இந்த முறையை மக்கள் உபயோகித்துக் காட்டியிருக்கிறார்கள். மலத்தின் மேல் சாம்பல் தூவி, மூடி, மாதக்கணக்கில் காய விட்டால் நாற்றமில்லாத மண் மாதிரி ஆகிவிடும். அதன் பிறகே, மூடிய பெட்டியில் கீழே இறக்க வேண்டும். பச்சைக் கழிவை ஒரு மனிதன் தலையில் சுமந்து இறங்குகிற எந்தத் திட்டத்துக்கும் நாம் படம் வரையக் கூடாது.

முடிவுரை

நண்பர்களே! நாளை நம்மில் பலர் ஓவர்சியராக, சூப்பர்வைசராக, கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராகப் போவோம். என்றாவது ஒரு நாள் "தம்பி, பத்துக்குப் பத்து ரூமு, பின்னாடி ஒரு குழி, சீக்கிரம் ஒரு பிளான் போடு" என்று ஒருவர் வந்து நிற்பார். அப்போது பென்சிலைக் கையில் எடுக்கும் முன் நாலு கேள்வி கேட்போம். இது எங்கே போகும்? எந்த லாரியில் போகும்? லாரி வராத நாளில் என்ன ஆகும்? யாராவது உள்ளே இறங்க வேண்டியிருக்குமா?

கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வரும் வரை அந்த பிளானில் கையெழுத்துப் போட வேண்டாம். டிப்ளமாக்காரன் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அந்தத் தொட்டிக்குள் இறங்காமல் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற ஒரு மனிதனுக்கு அதன் மதிப்பு தெரியும்.